அளவுமாதிரிக் கார் கட்டுவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நிறைவடைந்த ஆண்டில் சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடைபெற்றன. ஒன்று போதிய வருகையின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. கண்ணாடிப் பாகங்களை ஒட்டும் முறை குறித்தும் காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷின் பராமரிப்பு குறித்தும் தலா ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப்பட்டது. ஆண்டுப் போட்டியில் அசல் காரில் 24-இல் ஒரு பங்கு, 25-இல் ஒரு பங்கு என்னும் 1:24, 1:25 ஆகிய இரண்டு அளவுகளையும் ஒரே பிரிவில் வைத்தது பற்றி எழுந்த ஆட்சேபத்தைச் செயற்குழு பரிசீலித்து, நான்கு விழுக்காட்டு வேறுபாட்டுக்காகத் தனிப் பிரிவு தேவையில்லை என்று தீர்மானித்தது.

இந்த ஆண்டின் முதன்மையான பணி படிநிலைக் காட்சிப் பலகை. இதற்காகச் சங்க நிதியிலிருந்து ஒரே கிட்டின், அதாவது பாகங்களாக வந்து நாம் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கார்த் தொகுப்பின், ஏழு பெட்டிகளை வாங்கியது வீண்செலவு என்று இரண்டு கூட்டங்களில் பேசப்பட்டதால், அதன் நோக்கத்தைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகிறேன். புதிதாக வரும் ஒருவர் நம் மேசையில் பார்ப்பது முடிந்துபோன காரை மட்டுமே. அந்தப் பளபளப்புக்கு அடியில் எத்தனை நாள் உப்புத்தாள் தேய்ப்பு இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குப் படுவதில்லை. அவர் வீட்டுக்குப் போய், பெட்டியைத் திறந்து, அன்றைக்கே வண்ணம் அடித்து, மனம் உடைந்து, அத்துடன் இந்தக் கலையையே விட்டுவிடுகிறார். ஆகவே 1966 ஃபோர்டு மஸ்டாங் காரின் 1:25 அளவுக் கிட்டை எடுத்துக்கொண்டு, காரின் வெளிப்புற உடலான ஏழு கூடுகளையும் ஏழு வெவ்வேறு கட்டங்களில் நிறுத்தி, வரிசையாக ஒரே பலகையில் பொருத்துவது என்று முடிவாயிற்று.

முதல் கூடு பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கிறது. பிளாஸ்டிக்கை வார்த்த அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைப் பென்சிலால் மட்டும் காட்டியிருக்கிறோம். இரண்டாவதில் அந்தக் கோடு 400, 800 எண் உப்புத்தாள்களால் நீக்கப்பட்டு, வண்ணம் ஏறினால் தூர்ந்துவிடும் என்பதற்காகக் கதவு இடுக்குகள் முன்கூட்டியே கீறி ஆழமாக்கப்பட்டு, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவப்பட்டுள்ளது. மூன்றாவது பிரைமருடனும், நான்காவது வண்ணத்துடனும், ஐந்தாவது டெக்கால் என்னும் சின்னத் தாள்களை ஒட்டி, கிளியர் என்னும் நிறமற்ற மேற்பூச்சு அடித்த நிலையிலும் நிற்க வேண்டும். ஆறாவது கூட்டில் இடப்பாதியை அப்படியே விட்டு, வலப்பாதியை மட்டும் நீரில் நனைத்த 2000 எண் தாளில் தொடங்கிப் படிப்படியாகத் தேய்த்துப் பாலிஷ் செய்தோம். ஒரு பக்கம் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற மேடுபள்ளம். மறுபக்கத்தில் மேலே எரியும் குழல்விளக்கின் விளிம்பு கோணாமல் தெரிகிறது. ஏழாவது, முழுமையடைந்த கார்.

ஏழு கூடுகளை ஏழு உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டார்கள். குறித்த நாளில் திரும்பி வந்தவை நான்கு. அவற்றுள் நான்காவது கூடு மேற்பரப்பு முழுவதும் சுருங்கிய நிலையில் வந்தது. எடுத்துச் சென்ற உறுப்பினர் எனாமல் வண்ணம் அடித்து, தொட்டால் ஒட்டவில்லை என்பதைக் கண்டு, இரண்டே நாளில், அந்தக் கட்டத்துக்குத் தேவையே இல்லாத லாக்கர் கிளியரை அதன்மேல் அடித்துவிட்டார். லாக்கர் தன் கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறது. எனாமலோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பல நாட்களில் மெல்ல இறுகுகிறது. முழுதும் இறுகாத எனாமலுக்குள் லாக்கரின் வீரியமான கரைப்பான் புகும்போது அடிப்பூச்சு உப்பிச் சுருங்குகிறது. இந்தக் கூட்டைக் கழுவி மீண்டும் வண்ணம் அடித்துவிடலாம் என்று செயற்குழுவில் ஆலோசனை வந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. சுருங்கிய கூட்டை அப்படியே வைத்து, அதன் கீழ் அடித்த பூச்சுகளின் வரிசையை எழுதி ஒட்டினேன். பலகையைப் பார்க்க வருவோர் மிகுதியான நேரம் நிற்பதும், அருகில் குனிந்து பார்ப்பதும் அந்த ஒரு கூட்டின் முன்னால்தான். அந்த உறுப்பினர் அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வரவில்லை. அவரைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்பதையும், அவர் பெயர் பலகையில் எங்கும் இல்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்துகிறேன்.

திரும்பி வராத மூன்றில் இரண்டு, பலமுறை கேட்டபின், பெட்டி திறக்கப்படாமலேயே என் கைக்கு வந்தன. ஏழாவது கூடு பாதி வேலையில் வந்தது. மூன்றையும் நானே முடித்தேன். ஏழாவதற்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. முன்முகப்பில் புடைத்திருக்கும் எழுத்துகளின்மேல் வண்ணம் அடிப்பதற்கு முன்பே மெல்லிய உலோகத் தாளை அழுத்தி ஒட்டி, வண்ணம் உலர்ந்த பிறகு, தின்னரில் நனைத்த பல்குச்சியின் முனையால் எழுத்துகளின் தலைப்பகுதியை மட்டும் துடைத்தெடுத்தேன். அவ்வாறு செய்தால் அடியிலிருக்கும் வெள்ளி, எழுத்தாகவே மேலே வரும். தூரிகையால் வெள்ளி தொட்டு எழுதினால் அந்தக் கூர்மை ஒருநாளும் வராது.

அதன் எஞ்சினில் செலவிட்ட நேரம் பற்றியும் கேள்வி எழுந்தது. உண்மையான ஸ்பார்க் பிளக் ஒயர் 7 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 1:25 அளவில் அது 0.28 மில்லிமீட்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் எட்டு பிளக்குகளுக்கு எட்டும், அந்த மின்சாரத்தைத் தரும் காயிலுக்கு ஒன்றுமாக ஒன்பது துளைகளைக் கைத்துளைப்பானால் இட்டேன். இரண்டு மூடிகள் உடைந்து மூன்றாவது தேறியது. இந்தக் காரின் எட்டு சிலிண்டர் ஃபோர்டு 289 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்புற வரிசையில் முன்னிருந்து பின்னாகச் சிலிண்டர்கள் 1 முதல் 4, இடப்புறம் 5 முதல் 8. சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஒயர்களை அந்த வரிசைப்படியே இணைத்திருக்கிறேன். எட்டு ஒயர்களையும் கண்டபடி செருகினாலும் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று அறிந்து அதைச் சிறியதாகச் செய்வதுதான் நம் வேலை என்று நான் நம்புகிறேன். பலகையின் முன் நின்ற ஒரு பழைய மெக்கானிக் விரலை நீட்டி ஒவ்வொரு ஒயராக எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்ததை அன்று உடனிருந்தவர்கள் அறிவார்கள்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பாதிப்பேரை இந்த ஆண்டு நான் போட்டி நாளன்று மட்டுமே கண்டேன். கிட் வாங்கி வைத்திருக்கிறோம், நேரம் வரும்போது கட்டுவோம் என்பதே பெரும்பாலோர் சொல்லும் பதில். பெட்டியில் இருக்கும் கிட் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் சரியன்று. சங்க அலமாரியைச் சுத்தம் செய்தபோது பல ஆண்டுகள் திறக்கப்படாத ஒரு பெட்டியில், வினைல் டயர் ஒன்று முன்கண்ணாடியின்மேல் சாய்ந்தே கிடந்திருக்கிறது. டயரை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் மெல்லக் கசிந்து, கிட் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கண்ணாடியில் டயரின் பட்டன் வடிவம் அப்படியே பதிந்து உருகியிருந்தது. வீட்டில் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்போர் இன்றைக்கே திறந்து டயர்களைத் தனிப் பையில் போட்டு வைக்க வேண்டுகிறேன். திறந்த பெட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் மகிழ்வேன்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன. சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது. காட்சிப் பலகைக்கான செலவு, வாடகை, கம்ப்ரஸரின் ஈரப்பிரிப்பானை மாற்றிய செலவு ஆகியவை முக்கியமானவை. விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியுள்ளது. நிலுவை வைத்திருப்போரில் சிலர் சங்கத்தின் வண்ணக் கூண்டை மாதந்தோறும் பயன்படுத்துகிறவர்கள் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். அவர்கள் தெளிக்கும் தின்னரின் ஆவியை வெளியேற்றும் மின்விசிறியும் சந்தாவில்தான் ஓடுகிறது.

வழிகாட்டிய தலைவருக்கும், கணக்குகளைப் பேணிய பொருளாளருக்கும், தவறாமல் மேசை நாற்காலி எடுத்துப்போட்ட இளைய உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாவது பலகை ஒன்றை எஞ்சினுக்கு மட்டுமாக, எட்டு பாகங்களாகச் செய்ய எண்ணம் உள்ளது. இம்முறை எட்டு பாகங்களையும் ஒருவரே முடிக்க இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்பதையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பாகங்களை ஏற்க விரும்புவோர் பெயர் எழுதுவதற்கான தாள் வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இவண்,
செயலாளர்