கண்டிக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் கண்டிக்குப் புறப்படும் சுற்றுலா பஸ்கள் பலவற்றுக்கும் ஒரே அட்டவணைதான். காலையில் பின்னவலை யானைகள் காப்பகம், மதியம் பேராதனைப் பூங்கா, மாலையில் தலதா மாளிகை, இரவோடு இரவாகத் திரும்புதல். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் ஈடுகொடுத்து 1815 வரை நின்ற தலைநகரை இப்படிப் பார்ப்பது பார்த்ததாகாது.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சுற்றிலும் மலை, மூன்று பக்கம் மகாவலி கங்கை. அன்று படைகளைத் தடுத்த அதே அமைப்புத்தான் இன்று வாகனங்களைத் திணறடிக்கிறது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர என நகருக்குள் நுழையும் பெருவீதிகள் சிலவே. பாடசாலை நாட்களில் காலை ஏழு மணியளவிலும், பாடசாலை விடும் ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரையிலும் உள்ளே வர முயன்றால் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரிலேயே நேரம் போய்விடும். புகையிரதத்தில் வருவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பதுளை செல்லும் சில வண்டிகள் கண்டிக்கு வராமல் பேராதனைச் சந்தியிலிருந்தே மலைநாட்டுக்குத் திரும்பிவிடும். அந்த வண்டியில் ஏறியிருந்தால் சந்தியில் இறங்கி பஸ்ஸில் வர வேண்டியதுதான்.

தலதா மாளிகையில் பூசை நேரத்தில்தான் உள்ளறைக் கதவு திறக்கும்: காலை 5.30, 9.30, மாலை 6.30. அரை மணி நேரம் முன்பே மேல்மாடி வரிசையில் நிற்க வேண்டும். காணக் கிடைப்பது பேழைதான், அதனுள் இருக்கும் புத்தரின் புனிதப் பல் அல்ல. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இராது. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். மாளிகைக்கு எதிரே இருக்கும், நாதர் என்ற தெய்வத்துக்குரிய நாத தேவாலயம் அதைவிடப் பழையது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அருகிலேயே பத்தினி தேவாலயம். அங்கே வணங்கப்படுபவள் நம் கண்ணகி. இவ்வளவு தூரம் வரும் தமிழர்கள் இந்த வாசலைக் கடந்து போய்விடுவது வருத்தமான விடயம்.

1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் நாயக்க வம்சத்தார். அரச உறவினர் குடியிருந்த மலபார் வீதி இன்றும் அதே பெயரில் இருக்கிறது. கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். மாளிகையை ஒட்டிய கண்டி வாவியை வெட்டுவித்தவனும் அவனே. கரையோரத்து அலைமதிலில் முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கும். அவை விளக்கேற்ற வைத்தவை. மதில் வாவியைச் சுற்றி முழுமையாக இல்லை. அது முடியுமுன் அரசே முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலையை எம்பெக்கே, லங்காதிலக, கடலாதெனிய ஆகிய மூன்று கோயில்களுக்குக் கொடுங்கள். மூன்றும் கண்டி அரசுக்கு முந்திய கம்பளை அரசுக் காலத்தவை. முதலில் பஸ்ஸில் எம்பெக்கே போய், அங்கிருந்து வயலோரமாக நடந்து, கடைசியில் கொழும்பு வீதியிலுள்ள பிலிமத்தலாவைக்கு வந்துசேரலாம். மொத்தம் ஏழெட்டுக் கிலோமீற்றர், அரை நாள் போதும்.

எம்பெக்கே கந்தனுக்குரிய தேவாலயம். மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய் எனக் கட்டத்துக்கு ஒரு சிற்பம். தூணுக்குத் தூண் வேறு என்பதால் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பிறகு முன்பக்கக் கூரையை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் விசிறிபோல் வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் பிடித்து நிற்பது ஒரே ஒரு மர ஆப்பு. அதன் பெயர் மடொல் குருபாவ. பலர் தூண்களைப் படமெடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே போகிறார்கள்.

லங்காதிலக பாறைமேல் எழுந்த செங்கற் கட்டடம். பாறையில் 1344ஆம் ஆண்டுக் கொடையைப் பற்றிச் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. வயற்பக்கப் பாறைப் படிகள் மழைக்குப் பின் வழுக்கும். முன்புறம் புத்தர் சந்நிதி. பின்புறமாகக் கணபதி, கந்தன், விபீடணன் முதலியோரின் சந்நிதிகள். புத்தர் சந்நிதி பிக்குகள் பொறுப்பு, பின்புறத் தேவாலயம் கப்புறாளை எனப்படும் பூசகர் பொறுப்பு. அதனால் ஒன்று திறந்திருக்க மற்றது பூட்டிக் கிடப்பது வழக்கம். தேவாலயங்களுக்கு விசேடமான கெம்முற நாட்கள் புதனும் சனியும். அன்று போனால் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடலாதெனியவும் 1344ஆம் ஆண்டினதே, ஆனால் கருங்கல். கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியக் கட்டடக்கலையின் சாயல் பார்த்தவுடன் தெரியும். வெறுங்காலோடு நிற்க வேண்டிய பாறைத்தளம் பதினொரு மணிக்கு மேல் சுட்டெரிக்கும். தடித்த காலுறை கொண்டுபோவது நல்லது, அல்லது எம்பெக்கேயிலிருந்து ஏழு மணிக்கே புறப்பட வேண்டும்.

ஹந்தானை, உடவத்தகலே காடுகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் ஏற்றது. ஒக்டோபர், நவம்பர் மழையில் அட்டைத் தொல்லை அதிகம். கடித்த அட்டையைப் பிய்க்காமல், நகத்தால் பக்கவாட்டில் தள்ளி விடுவிக்க வேண்டும்.

ஒரு நாள்தான் முடியும் என்கிற பாடசாலைகள் பின்னவலையை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிட்டு, காலையில் இந்த மூன்று கோயில்களையும், மூன்று மணிக்குப் பின் நாத, பத்தினி தேவாலயங்களையும், மாலை 6.30 பூசையையும் பார்க்கும்படி பயணத்தை அமைக்கலாம்.

இங்ஙனம்,
கண்டி வாசகர்கள்