பில் போட மட்டும்தானா ஸ்மார்ட் மீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்மார்ட் சிட்டி என்றதும் கேமரா, வைஃபை, வண்ண விளக்குக் கம்பம் என்றுதான் பேச்சு போகிறது. இவற்றையெல்லாம் ஓடவைக்கும் மின்கட்டமைப்பைப் பற்றிப் பேச ஆளைக் காணோம்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கின. சுமார் 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். ஒஹையோவில் மின்கம்பிகள் மரங்களில் உரசியது தொடக்கம். அதைவிடக் கொடுமை, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்து கிடந்தது ஊழியர்களுக்கே தெரியவில்லை.

இப்போது சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. நண்பகலில் கூரைச் சூரியத் தகடுகள் மின்சாரத்தைத் தெருக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. மாலையில் சூரியன் இறங்கும் நேரம் பார்த்து மின்கார்கள் சார்ஜுக்கு வந்து நிற்கின்றன. ஒரே தெருவில் பத்துக் கார் சேர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் திணறும். அந்தச் சுமையை நள்ளிரவுக்குத் தள்ள, நேரத்துக்கேற்ற கட்டணமும் தானே இயங்கும் சார்ஜரும் வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பதிந்து, மின்வாரியத்துக்குத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் இதற்கு உதவும். அந்த மீட்டரை மாட்டிவிட்டு பில் மட்டும் போட்டால் அது வெறும் கணக்குப்பிள்ளை வேலைதான்.

அப்புறம், எந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதையும் அந்த மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தரவு யார் கையில் இருக்கும் என்பதை, மீட்டர் மாட்டுவதற்கு முன்பே சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்