நாலு சனிக்கிழமைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்க கிட்டார் கலைஞரும் இசைத்தட்டுத் தயாரிப்பாளருமான நைல் ராட்ஜர்ஸின் இசையை நாலு சனிக்கிழமை கூடி உட்கார்ந்து கேட்டு முடித்துவிட்டோம். நியூயார்க் குவீன்ஸில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில், மடக்கு நாற்காலி போட்டு நடந்த சின்ன நிகழ்ச்சிதான். ஆனால் எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் கிட்டாரோடு வந்த தம்பிக்கு. "இவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்?" என்று ஒரு அம்மா கேட்டதும், நீ ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வெறும் தந்தியில் காட்டினாய். வலது கை நிற்காமல் மேலும் கீழும் போய் வருகிறது, ஒரு அடிக்கு நாலு வீச்சு. இடது கை விரல்கள் அழுத்துகின்றன, தளர்கின்றன. தளரும்போது ஸ்வரம் கிடையாது, 'சக் சக்' மட்டும். அழுத்தும் நொடியில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள், பளிச்சென்று வந்து போகிறது. 'சக்கிங்' என்கிற இந்த வாசிப்பு, ஜாஸ் பழகியிருந்த ராட்ஜர்ஸுக்கு பேஸ் கிட்டார்க்காரர் பெர்னார்ட் எட்வர்ட்ஸிடமிருந்து வந்தது. மிருதங்கம் படித்த அந்த அம்மா உடனே தொடையில் 'தகதிமி' போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்புக்காகவே உனக்கு இன்னொரு முறை நன்றி, தம்பி.

இசைத்தட்டுகளை நம்பி இரவல் கொடுத்த ஐந்தாம் மாடி ஐயாவுக்கு. பாட்டு கேட்பதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்றீர்கள். படித்தோம். சிஸ்டர் ஸ்லெட்ஜ் 1979, டயானா ராஸ் 1980, டேவிட் போவி 1983, மடோனா 1984. பாடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க, ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்ப்ஸன் என்ற பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. மூவரும் 'ஷீக்' என்ற டிஸ்கோ இசைக்குழுவினர். இந்தத் தட்டுகள் எல்லாவற்றின் தயாரிப்பிலும் ராட்ஜர்ஸ் இருந்தார். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் செய்வது வேறு வேலை என்பதை நீங்கள் போவியை வைத்தே விளக்கினீர்கள். 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டை போவி முதலில் நாட்டுப்பாடல் மாதிரி வாசித்துக் காட்டினாராம். ராட்ஜர்ஸ் கார்டுகளை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோய், நடுவில் இடம் விட்டு, அதை ஆட வைத்தார். அந்த ஆல்பம் முழுவதும் 17 நாளில் முடிந்தது. எனக்கு இன்றும் அது ஆச்சரியம்தான்.

இரண்டாம் வாரம் பாதியில் பிளேயரின் பெல்ட் அறுந்தபோது, ஓடிப்போய் வேறொன்று கொண்டுவந்து மாட்டிய அண்ணனுக்கும் நன்றி.

மன்ஹாட்டனுக்கு எங்களை அழைத்துப்போன அக்காவுக்கு. மேற்கு 54ஆவது தெருவில் 'ஸ்டுடியோ 54' என்ற அந்தப் பழைய டிஸ்கோ நடன விடுதியின் வாசலில் நிறுத்தித்தான் கதையைத் தொடங்கினீர்கள். 1977 டிசம்பர் 31 இரவு. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் கூப்பிட்டு வந்த ராட்ஜர்ஸையும் எட்வர்ட்ஸையும் உள்ளே விடவில்லை. கோபத்தோடு வீட்டுக்குப் போய், திட்டிக்கொண்டே இருவரும் வாசித்ததுதான் 'லீ ஃப்ரீக்' என்ற ஷீக் பாட்டு ஆனது. குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்று கேட்டோம். உள்ளே உட்கார்ந்து கேட்டிருந்தால் இப்படி உறைத்திருக்காது.

கடைசி வாரம்தான் கனமாக இருந்தது. 1996 ஏப்ரலில் டோக்கியோ புடோகான் அரங்கில் வாசித்துவிட்டு வந்த எட்வர்ட்ஸ், மறுநாள் நிமோனியாவில் இறந்துபோனார். வயது 43. இதைச் சொன்ன பிறகு யாரும் பேசவில்லை. அப்புறம் ஷீக்கின் 'குட் டைம்ஸ்' பாட்டில் அவருடைய பேஸ் மட்டும் தனியாகத் தெரியும் இடத்தை ஐயா போட்டார். ராட்ஜர்ஸ் 2010இல் புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் வாசிப்பை விடவில்லை. 2013இல் டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையரின் பாட்டில் அதே வலது கை உலகம் முழுக்கக் கேட்டது. அதை ஒலிக்கவிட்டபோது பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். அவர்களை உட்காரச் சொல்லாத பெற்றோருக்கும் என் நன்றி.

நாலு வாரமும் சுண்டலும் டீயும் கொண்டுவந்த வீடுகளுக்கு, கட்டணம் வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட காவலர் பெரியவருக்கு, நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுக் கடைசியாகப் போன கல்லூரிப் பிள்ளைகளுக்கு, மனமார்ந்த நன்றி.

ஐயா, தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை மேலே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருந்து