ரூவின் ஹைஃபெட்ஸ் ஐயாவுக்கு ஒரு கடிதம்

ரூவின் ஐயா, வணக்கம்.

என் பொண்ணு உள்ள வயலின் கிளாஸ்ல இருக்கா, நான் வெளிய படிக்கட்டுல அவ வயலின் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து இத டைப் பண்றேன். போன வாரம் இதே படிக்கட்டுல இன்னொரு அப்பா, வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸோட அப்பாவான உங்க கதைய சொன்னாரு, மகன் கூட இருக்கணும்னு அப்பாவும் அதே காலேஜ்ல ஸ்டூடண்டா சேந்துட்டாராம்னு. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், சிரிச்சது இன்னும் மனச உறுத்திக்கிட்டே இருக்கு.

அப்போ ரஷ்யப் பேரரசுல இருந்த வில்னாவுல நீங்களே ஒரு வயலின் கலைஞர். யாஷாவுக்கு மூணு வயசு வாக்குல சின்ன வயலின் குடுத்து முதல் பாடம் சொல்லிக்குடுத்ததும் நீங்கதான். 1910ல ஒன்பது வயசுப் பையன கூட்டிக்கிட்டு தலைநகரம் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த கான்சர்வேட்டரிங்கற இசைக் கல்லூரிக்கு, பேர்போன வயலின் ஆசிரியர் லியோபோல்ட் ஆவெர் கிட்ட வந்தீங்க. அவன் வாசிப்ப பத்தி யாருக்கும் சந்தேகம் இல்ல, பிரச்சனை எல்லாம் நீங்க எங்க படுத்துத் தூங்குறதுங்கறதுல. 1791ல கேத்தரின் ராணி காலத்துல போட்ட கோடு அது, யூதர்னா பேரரசோட மேற்கு ஓரத்து மாகாணங்கள்லதான் குடியிருக்கணும், தலைநகரத்துல தங்க தனி அனுமதி வேணும். 1887ல யுனிவர்சிட்டிக்கும் கோட்டா வச்சாங்க, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ ரெண்டு தலைநகரங்கள்லயும் 100 மாணவர்ல 3 பேருதான் யூதரா இருக்கலாம். அந்த நெருக்கடியில நிறைய யூதப் பிள்ளைங்க நுழைய முடிஞ்ச கதவு இந்த கான்சர்வேட்டரி. படிச்சு முடிச்சு 'சுதந்திரக் கலைஞர்'ங்கற பட்டம் வாங்கிட்டா அந்தக் கோட்டுக்கு வெளியவும் வாழலாம். அப்போ ஒரு பரிட்சைங்கறது வெறும் பரிட்சையா இருந்திருக்குமா சொல்லுங்க, பாதியில படிப்பு நின்னா ஊரையே விட்டுப் போகணுமே.

யாஷா ஸ்டூடண்ட், அதனால அவன் இருக்கலாம். அப்பா அம்மா இருக்கக் கூடாது. ஒன்பது வயசுக் குழந்தை ஐயா!

ஆவெர் உங்களையும் தன் கிளாஸ்லயே சேத்துக்கிட்டாரு. ஸ்டூடண்டோட பொண்டாட்டி பிள்ளைகள பிரிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருந்ததால மொத்தக் குடும்பமும் உங்க பேர்ல தங்கலாம்னு ஆச்சு. ஆனா ஸ்டூடண்ட்னா சொல்ஃபேஜ்ங்கற ஸ்வரப் பயிற்சி, பியானோ, சின்னக் குழுவா சேந்து வாசிக்கிற சேம்பர் மியூசிக் எல்லாம் கட்டாயப் பாடம், நீங்க ஒண்ணுக்கும் போகல, பரிட்சைக்கும் வாசிக்கல, அதுக்காக நிர்வாகத்தோட ஓயாம சண்டை போட்டேன்னு ஆவெரே பின்னாடி எழுதியிருக்காரு. இந்த இடத்துலதான் எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு தோணுறது வேற, வாசிச்சுப் பொழச்ச மனுஷன், பையனுக்கு முதல் குரு, இப்போ பையனோட ரெஜிஸ்டர்லயே மாணவனா நிக்கிறாரு, அந்தப் பேர அடிச்சா மனைவி, ரெண்டு சின்னப் பொண்ணுங்க எல்லாரும் வீட்ட காலி பண்ணணும், அந்த நெனப்போட தினமும் எழுந்திருக்கிறது வேடிக்கையா?

இன்னொண்ணும் மனசுல ஓடுது. உங்களுக்கு வில்லு பிடிக்கத் தெரிஞ்சதால இந்த வழி கிடைச்சுது. ஆவெரோட இன்னொரு யூத மாணவன் மிஷா எல்மானுக்கு உள்துறை அமைச்சர் பிளேவே வரைக்கும் போய் அனுமதி கேக்க வேண்டியிருந்துச்சு. அப்படி கேக்க ஆள் இல்லாத ஒரு தையல்காரரோட பையன் எவ்வளவு நல்லா வாசிச்சிருந்தாலும் என்ன ஆகியிருப்பான்? கான்சர்வேட்டரி டைரக்டர் கிளாஸுனோவ் கிட்ட எத்தன யூத மாணவர்கள் இருக்காங்கன்னு மேலிடத்துலேந்து கேட்டப்போ, நாங்க அப்படி கணக்கு வைக்கிறதில்லன்னு பதில் சொன்னதா சொல்லுவாங்க. அந்த ஒரு பதிலுக்காகவே அந்த மனுஷன கையெடுத்துக் கும்பிடணும்.

1917ல புரட்சி வந்த கொஞ்ச நாள்லயே அந்தச் சட்டம் போச்சு. அதே வருஷம் நீங்க எல்லாரும் சைபீரியா வழியா அமெரிக்கா கிளம்பிட்டீங்க, அக்டோபர் 27 நியூயார்க் கார்னகி ஹால்ல யாஷா வாசிச்சப்போ அவனுக்கு 16 வயசு. அதுக்கு மேல நடந்தது உலகத்துக்கே தெரியும்.

எனக்கு உங்க கிட்ட கேக்க ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. யாஷா உள்ள பாடத்துல இருந்தப்போ, ஸ்டூடண்ட்னு பேர் மட்டும் இருந்த நீங்க, வீட்டுல உங்க வயலின எடுத்து உங்களுக்காக வாசிச்சீங்களா?

கதவு திறக்குது, பொண்ணு வந்துட்டா.