கோயமுத்தூர் மண்டப ஓனர்களுக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும்: கடைசி பந்திக்கு முன்னாடியே ஒரு போன் பண்ணுங்க

வணக்கமுங்க.

கல்யாண மண்டபம் வெச்சிருக்கறவங்க, சமையல் கான்ட்ராக்ட் எடுக்கற மாஸ்டருங்க, மண்டப மேனேஜருங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதறேன். மிச்சமாகற சாப்பாட்ட வாங்கிட்டுப் போய் பசியில இருக்கறவங்களுக்கு குடுக்கற ஒரு சின்ன குரூப்ல நானும் இருக்கேன். ராத்திரி உங்க சமையக்கட்டு பின்வாசல்ல ஆம்னி வேன நிறுத்திட்டு காலி அண்டாவோட நிக்கற பசங்கள பாத்திருப்பீங்க, அது நாங்கதான். இப்ப ஆடி மாசம், மண்டபத்துல கூட்டம் இல்ல, உங்களுக்கும் உக்காந்து படிக்க நேரம் இருக்கும்னுதான் இப்ப கேக்கறேன். சாப்பாடு மிஞ்சும்னு தெரிஞ்ச நிமிசமே எங்களுக்கு சொல்லுங்க. எல்லாரும் போனப்பறம் மண்டபத்த கழுவி விடறப்ப சொல்லாதீங்க.

ரிசப்ஷன் அன்னிக்கு எவ்வளவு மிஞ்சும்னு மாஸ்டருக்கு ஒம்போது மணிக்கே தெரிஞ்சுரும், ரெண்டாவது பந்தியில எத்தன எல விழுந்துச்சுன்னு பாத்தாலே அவருக்கு கணக்கு வந்துரும். ஆனா அவரு சொந்தமா முடிவு எடுக்க மாட்டாரு, பொண்ணு வீட்டுக்காரங்கள கேக்கணும்பாரு, பொண்ணு வீட்டுக்காரங்க மேடையில போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க, மேனேஜரு கரண்ட் பில்லு கணக்கு பாத்துட்டு இருப்பாரு, இப்படியே போயி பன்னெண்டு மணிக்கு மேலதான் எங்க போன் அடிக்கும். அதுக்குள்ள மூடி போட்டு வெச்ச சாம்பாரு புளிக்க ஆரம்பிச்சிருக்கும்.

போன வைகாசியில ஒரு மண்டபத்துல இதேதான் நடந்துச்சு. நாங்க போயி மூடிய தொறந்தா சாம்பாரு ஓரத்துல சின்னச்சின்னதா நொர கட்டியிருக்கு. சாதத்த ரெண்டு வெரல்ல எடுத்து நசுக்கி இழுத்துப் பாத்தோம், லேசா நூல் விட்டுச்சு. அவ்வளவுதான், அத யாருக்கும் குடுக்க முடியாது. அன்னிக்கு சமைச்ச மாஸ்டரு வயசானவரு, கண்ணு கலங்கிப் போயி நின்னாரு, அவரே அந்த அண்டாவ சாய்ச்சு கொட்டுனாரு. முன்னூறு பேராவது தாராளமா சாப்பிட்டிருப்பாங்க. மூணு மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா அத்தனையும் போயி சேந்திருக்கும்.

திரும்ப கொதிக்க வெச்சா சரியாயிருமேன்னு சில பேரு கேக்கறாங்க. சரியாகாதுங்க. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதோட வித்து அரிசிய வேக வெச்சாலும் சாகாது, சாதம் வெதுவெதுப்பா ரொம்ப நேரம் கெடந்தா பெருகி விஷத்த உண்டாக்கிரும், அந்த விஷம் சூடு பண்ணுனாலும் போகாது. அதனாலதான் சூடான சாப்பாட்ட 60 டிகிரிக்கு மேலயே வெச்சிருக்கணும்னு சொல்றாங்க. தேங்கா அரைச்சு ஊத்துன குருமா, அவியல், சட்னி, பாயாசம் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் கெட்டுரும். ஸ்வீட்டு, சப்பாத்தி கொஞ்சம் தாங்கும். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, எங்களவிட உங்களுக்குத்தான் இது அதிகமா தெரியும்.

இந்த சாப்பாடு யாருக்கு போகுதுன்னு தெரிஞ்சுக்கங்க. ஜிஹெச்ல அட்மிட் ஆனவங்களுக்கு ஆஸ்பத்திரி சாப்பாடு வந்துரும், கூட வந்த அம்மாவோ பொண்டாட்டியோ வெளிய வராண்டாவுல படுத்துட்டு இருப்பாங்க, வெளியூரு, கையில இருந்த காசு ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போயிருக்கும். காந்திபுரம், உக்கடம் பக்கம் தெருவுல படுக்கறவங்க இருக்காங்க. பீகார், ஒடிசாவுல இருந்து வந்து கட்டட வேல பாக்கறவங்க இருக்காங்க, வேல இல்லாத வாரத்துல அவங்க ஒரு வேளைய கொறைச்சுக்குவாங்க, யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க. தனியா இருக்கற வயசானவங்க நெலமதான் ரொம்ப கஷ்டம், அவங்க வீட்டுல பசின்னு பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

நம்ம ஸ்டேட்ல ரேஷன் அரிசி ஃப்ரீயா குடுக்கறாங்க, அம்மா உணவகம் 2013ல இருந்து இருக்கு, 2022ல இருந்து ஸ்கூல்ல காலை உணவும் வந்துருச்சு, இதெல்லாம் பெரிய விசயம், இது இல்லேன்னா நெலம எங்கயோ போயிருக்கும். ஆனா அரிசி வாங்குனா பொங்கறதுக்கு அடுப்பும் ஒரு கூரையும் வேணுமில்லீங்களா. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல கூட தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்கள்ல 25 சதவீதம் வயசுக்கு ஏத்த வளர்த்தி இல்லாம இருக்குன்னு வந்துச்சு. நாலுல ஒண்ணுங்க.

குடுக்கறதுக்கு தயங்கற ஓனருங்க சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான், சாப்பிட்டு யாருக்காச்சும் ஏதாவது ஆயிட்டா கேஸு எங்க மேல வரும்பாங்க. நியாயமான பயம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மிச்ச சாப்பாட்ட யாரு குடுக்கலாம், எப்படி எடுத்துட்டுப் போகணும், யாருக்கு என்ன பொறுப்புன்னு மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2019லயே தனி விதிமுறை போட்டிருக்கு. நாங்களும் எங்க பக்கம் கறாராத்தான் இருக்கோம். பந்திக்கு போன வாளியில இருக்கறத தொடவே மாட்டோம், கரண்டி போடாத அண்டாவுல இருக்கறது மட்டும்தான். எடுக்கறதுக்கு முன்னாடி எங்காளு ஒருத்தரு ருசி பாப்பாரு, சமைச்ச நேரத்த அண்டா மேல எழுதி ஒட்டுவோம், சந்தேகம் இருந்தா வேண்டாம்னு சொல்லிருவோம். அதனால எச்சில் சாப்பாட்ட குடுத்தோம்னு யாரும் சங்கடப்பட வேண்டாம்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. மிச்ச சாப்பாட்ட வாங்கி பசிச்சவங்களுக்கு குடுக்கற நோ ஃபுட் வேஸ்ட்ங்கற அமைப்பு 2014ல கோயமுத்தூர்லதான் ஆரம்பிச்சு அப்பறம் மத்த ஊருகளுக்கும் போச்சு. அதுக்கெல்லாம் முன்னாடி, 1867ல வள்ளலாரு வடலூர்ல மூட்டுன அடுப்பு இன்னும் அணையாம எரியுது, ஜாதி மதம் கேக்காம இன்னிக்கும் அங்க சோறு போடறாங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு, இத பத்தி யாரும் பேசறதில்ல. முகூர்த்த நாள்ல ஒரே ராத்திரி அஞ்சாறு மண்டபத்துல இருந்து கூப்பிடுவாங்க, எங்க வண்டியும் ஆளும் பத்தாது, பாதிய விட்டுட்டு வரணும். அப்பறம் ஆடி மார்கழில மாசக்கணக்குல ஒரு போனும் வராது, பசிச்சவங்க அதே எடத்துல அப்படியேதான் இருப்பாங்க. சமைச்ச சாப்பாட்ட மட்டும் நம்பி இத நடத்த முடியாதுன்னு எனக்கு இப்ப நல்லா புரியுது. 1967ல அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்ல ஆரம்பிச்ச மொத ஃபுட் பேங்க்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் இதோட அடிப்படையே கெடாத பொருள சேத்து வெச்சு தேவப்படறப்ப குடுக்கறதுதான். உங்ககிட்ட அது இருக்கு. ஒவ்வொரு கல்யாணம் முடிஞ்சதும் அரை மூட்ட அரிசி, பிரிக்காத பருப்பு, எண்ணெ டின்னு, ரவை, சக்கரன்னு மளிக மிஞ்சுதில்ல, கல்யாண வீட்டுக்காரங்க வேண்டாம்னு விட்டுட்டுப் போறத எங்களுக்கு குடுங்க. ஆவணியில இருந்து சேத்தா மார்கழி முழுக்க ஒரு அடுப்பு எரியும்.

மிஞ்சாம சமைக்கறதுதான் மொதல்ல வேணும், அத நான் மனசார சொல்றேன். ஆயிரம் பத்திரிக்க அடிச்சா ஆயிரத்து ஐநூறு பேருக்கு சமைக்க சொல்ற வீட்டுக்காரங்ககிட்ட மாஸ்டருங்க கொஞ்சம் தைரியமா பேசணும். அதுக்கு மேலயும் மிஞ்சுனா நாங்க இருக்கோம்.

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. மண்டப புக்கிங் ஃபார்ம்ல "மிச்ச சாப்பாட்டையும் மளிகையையும் குடுக்க சம்மதம்"னு ஒரு வரி சேருங்க, வீட்டுக்காரங்க அன்னிக்கே கையெழுத்து போட்டுட்டா மாஸ்டரு ராத்திரி யாரையும் தேடி அலைய வேண்டாம். சமையக்கட்டு சொவத்துல எங்க நம்பரையோ உங்களுக்கு தெரிஞ்ச வேற குரூப்போட நம்பரையோ ஒட்டி வெய்யுங்க. ஒம்போது மணிக்கு மாஸ்டரு நேரா எங்களுக்கே போன் போடட்டும். பாத்திரம் நாங்க கொண்டு வர்றோம், கழுவற வேலையும் உங்களுக்கு இல்ல. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த மண்டபத்துக்கு வரணும்னு சொல்லுங்க, நேர்ல வந்து உங்க ஆளுங்ககிட்ட பேசிட்டுப் போறோம்.