இடக்கைக்காரிக்கு ஒரு கையுறை

யாழ்ப்பாணம்,
கார்த்திகை 2025

அன்புள்ள மச்சான்,

நீ கேட்டதுக்குப் போனில ரெண்டு வரி தட்டி மறுமொழி சொல்லேலாது. அதுதான் கடையைப் பூட்டிப்போட்டு வந்து, ஆறுதலா இருந்து எழுதுறன்.

முதல்ல ஊர்ப் புதினம். மழை தொடங்கீட்டுது. உங்கட வளவின்ர பின்மதில் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. பயப்பிடாதை, வெயில் எறிச்சவுடன மேசனைப் பிடிச்சு நிமித்திக் கட்டிவிடுறன். சீமெந்து என்ர கடையிலதான், கணக்கு எழுதி வைக்கிறன், வரேக்க தா. கிணறு நிரம்பீட்டுது. மற்றும்படி எல்லாரும் சுகம்.

இனி உன்ர கேள்வி. “உன்ர மகளும் என்ர மகனும் நேரங்காலம் இல்லாமல் என்னடா கதைக்கினம்?” எண்டு கேட்டிருந்தாய். பேஸ்போல் மச்சான், வேற ஒண்டுமில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் கனடாவில இருந்து வந்து நிக்கேக்க, உன்ர பெடியன் எங்கட முத்தத்தில பழைய ரெனிஸ் பந்தை எறிஞ்சு காட்டினவன் எல்லே, அதில வந்த வினை. என்ர மகள் பள்ளிக்கூடத்தில ‘எல்லே’ எண்ட எங்கட நாட்டு மட்டைப்பந்து விளையாட்டு ரீமில விளையாடுறவள். தன்னாலயும் அடிக்க ஏலும் எண்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் எறிஞ்ச ஒரு பந்தும் மட்டையில படேல்ல. பெரிய அவமானம்! எல்லேயில பந்து போடுறது எங்கட ரீம் ஆள்தான், அடிக்க வசதியாத்தான் போட்டுத் தருவாள். பேஸ்போலில போடுறவன் எதிரி. அவன்ர தொழிலே மட்டையில படாமல் போடுறதுதான். அதுக்குள்ள என்ன சூட்சுமம் இருக்கெண்டு தேடத் தொடங்கினவள் இன்னும் நிப்பாட்டேல்ல.

கடை ரேப்பை எடுத்துக்கொண்டு போய் முத்தத்தில 60 அடி 6 அங்குலம் அளந்து கோடு போட்டு வைச்சிருக்கிறாள். எறியிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் இடையில அவ்வளவுதானாம். அடிச்சுப்போட்டு ஓடித் தொடுற இடந்தான் பேஸ், ஒரு பேஸில இருந்து மற்ற பேஸுக்கு 90 அடி. அதை அளந்தா ரெண்டாவது பேஸ் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள்ள போய் விழுது. தச்சுவேலை செய்யிற அண்ணை ஒராள் வேம்பில ஒரு மட்டை கடைஞ்சு குடுத்தார். அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும்.

அவளின்ர அறைக்குள்ள போனா எனக்குத் தலை சுத்தும். ஒரு சுவரில ஜப்பான் கார்ட்டூன் முகங்கள். அதுகளைக் கார்ட்டூன் எண்டு சொன்னாக் கோவம் வரும், அனிமே எண்டு சொல்லோணும். அதுக்குப் பக்கத்தில கொரியாக்காரப் பெடியள் ஏழு பேர். அதுக்கு மேல ஒதானி, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜேர்ஸ் ரீமில விளையாடுற ஜப்பான்காரன். அதுக்கும் மேல ஐபிஎல்லில ஹைதராபாத் உடுப்போட எங்கட வியாஸ்காந்த். 2024இல அந்தப் பெடியன் அங்க இறங்கின அண்டைக்கு, மத்திய கல்லூரியில படிச்ச பெடியன் எண்டு ஊரே ரீவிக்கு முன்னால இருந்ததெல்லே, அந்தப் படம். நீ உங்கட ரொறொன்ரோ புளூ ஜேய்ஸ் பக்கமெல்லே, ஒதானி எதிர் ரீம்காரன், அவனை ஏன் ஒட்டி வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டன். பந்தும் எறிஞ்சு மட்டையாலயும் அடிக்கிற ஆள், 2024இல ஒரே சீசனில 54 ஹோம் ரன்னும் அடிச்சு 59 பேஸும் களவெடுத்தவன், அவனுக்கு ரீம் பாக்கேலாது எண்டாள். ஹோம் ரன் எங்கட சிக்ஸர் மாதிரி. பேஸ் களவெடுக்கிறது எண்டா, எறியிறவன் கண் அசர்ற நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிப் போறது. களவெண்டு பேர் வைச்சுப்போட்டு அதுக்குக் கணக்கும் எழுதுறாங்கள்.

பேஸ்போலில ஒவ்வொருத்தனும் அடிக்க வரேக்க அவனவன் தெரிவு செய்த பாட்டைத்தான் ஸ்டேடியத்தில போடுவினமாம். இதைக் கேட்டதில இருந்து இவளின்ர எல்லே ரீம் முழுக்க ஆளுக்கொரு பாட்டுத் தெரிவு செய்து வைச்சிருக்கு. எல்லாம் புதுப்படப் பாட்டுத்தான். இணுவில் பிள்ளை ஒருத்தி மட்டும் தனக்குப் பாட்டு வேண்டாம், தவில் தனி அடிச்சாப் போதும் எண்டவளாம். என்ர வாக்கு அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஐப்பசி முழுக்க வீடு வீடா இருக்கேல்ல. கடைசியில வேர்ல்ட் சீரிஸ் கப்புக்கு உங்கட புளூ ஜேய்ஸும் டொட்ஜேர்ஸும் மோதினதெல்லே. உங்க ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கிற ஆட்டம் எங்களுக்கு விடிய அஞ்சரை. மூண்டாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸில நடந்தது, உனக்கு நித்திரை, எனக்கு வேலை நேரம். இவள் தலை இழுத்துக்கொண்டு நாலாவது இன்னிங்ஸ் வரைக்கும் பாத்திட்டுப் பள்ளிக்கூடம் போனாள். போகேக்க என்னட்டை ஸ்கோர் பாக்கிற பொறுப்பைத் தந்திட்டுப் போனாள். ஒன்பது இன்னிங்ஸில முடிய வேண்டியது 18 வரைக்கும் இழுபட்டுது. ஆறு மணித்தியாலம் 39 நிமிசம்! சனத்துக்குக் கம்பியும் ஆணியும் நிறுத்துக் குடுத்துக்கொண்டு போனில புள்ளியளைப் பாத்துக்கொண்டிருந்தன். எறிஞ்ச பந்து ஒவ்வொண்டும் எங்க போனதெண்டு போன் ஒரு பெட்டிக்குள்ள புள்ளி போட்டுக் காட்டும். ஒதானி ரெண்டு ஹோம் ரன் அடிச்ச பிறகு, உங்கட ஆக்கள் நாலு தரம் அவனுக்கு அடிக்கப் பந்து போடாமல், வேணுமெண்டே முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போக விட்டவங்கள். எங்கட கிறிக்கெட்டில அப்பிடிச் செய்தா ஊர் சிரிக்கும். அங்க அது தந்திரம். எனக்கு இன்னும் சமிக்கேல்ல. மத்தியானம் பன்னிரண்டு மணி கழிஞ்சுதான் டொட்ஜேர்ஸ் பிறீமன் ஒரு அடி அடிச்சு 6–5 எண்டு முடிச்சு வைச்சான். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்கு நான்தான் சொன்னன். சாப்பாடு வேண்டாம் எண்டு படுத்திட்டாள்.

கடைசி, ஏழாவது ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை விடிய. ரியூசன் போகேல்ல. தாய்க்காரி பேசினது தெருவுக்குக் கேட்டிருக்கும். ஒன்பதாவது இன்னிங்ஸில உங்கட ஆக்கள் 4–3 எண்டு வெண்டுகொண்டு நிண்டவங்கள், இன்னும் ரெண்டு அவுட்தான், டொட்ஜேர்ஸில றோகாஸ் எண்டவன் ஹோம் ரன் அடிச்சுச் சமப்படுத்தினான். பிறகு உங்கட பக்கம் மூண்டு பேஸிலயும் ஆள் நிக்க, மூண்டாவது பேஸில இருந்து ஓடி வந்தவன் ஒரு சாண் இடைவெளியில அவுட். பதினோராவது இன்னிங்ஸில டொட்ஜேர்ஸ் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிச்சது, 5–4, சரி. இவளுக்குத் தோத்தது கூடப் பெரிசில்லை. அந்த மூண்டாவது பேஸ்காரன் ஏன் பேஸோட ஒட்டிக்கொண்டு நிண்டவன், ரெண்டு அடி முன்னுக்கு நிண்டிருந்தா ஓட்டம் வந்திருக்கும் எண்டதுதான் சண்டை. முன்னுக்கு வந்து நிக்க, அடிச்ச பந்தை அந்தரத்தில பிடிச்சு மூண்டாவது பேஸுக்கு எறிஞ்சா அவன் அவுட், அதுதான் ஒட்டி நிண்டவன் எண்டு உன்ர மகன் வாதாடுறான். அதைத்தான் ரெண்டு கிழமையா ரெண்டும் கதைக்குதுகள். நீ என்னவோ ஏதோ எண்டு யோசிச்சுப்போட்டாய்.

மற்றது, மகனுக்கு முரளியைத் தெரியாது, கிறிக்கெட் பாக்கிறானில்லை, எங்கட பிள்ளை மாதிரி இல்லை எண்டு கவலைப்பட்டிருந்தாய். முரளி டெஸ்டில 800ஆவது விக்கெற்றோட ஓய்வு பெற்றது 2010. என்ர மகள் பிறந்ததும் அந்த வருசந்தான். இஞ்ச யாழ்ப்பாணத்தில இருக்கிறவளுக்கே அவர் பழைய வீடியோவில பாத்த ஆள். ஸ்காபரோவில வளர்ற பெடியனிட்ட நீ என்னத்தைக் கேக்கிறாய்?

1992 உலகக் கிண்ணத்தை நாங்கள் கேட்டதை நினைச்சுப் பார். கரண்ட் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டி, நீ பெடலைச் சுத்த, டைனமோ வெளிச்சத்துக்குப் பதிலா ரேடியோவுக்குக் கரண்ட் குடுக்கும். நீ களைச்சாக் குரல் இழுபடும், விக்கெற் விழுந்ததோ இல்லையோ எண்டு விளங்காது. எங்கட அப்பாமார் எங்களைப் பாத்து என்ன சொன்னவை? வெள்ளைக்காரன்ர விளையாட்டுக்கு இந்தப் பாடோ எண்டவை. அதே காலத்திலதான் உங்கட புளூ ஜேய்ஸ் 1992இலயும் 1993இலயும் அடுத்தடுத்துக் கப் எடுத்தது. 93இல ஜோ கார்ட்டர் ஒன்பதாவது இன்னிங்ஸில அடிச்ச ஹோம் ரன்னோட ஆட்டமும் முடிஞ்சுது, கப்பும் வந்துது. உன்ர மகன் பிறக்க எத்தினையோ வருசம் முந்தி நடந்தது, பெடியன் நேர பாத்த மாதிரிச் சொல்லுறான் மச்சான். இவளுக்கு அனுப்பின குரல் பதிவை நானும் கேட்டனான். நல்ல தமிழிலதான் சொல்லுறான். நீ அதைக் கேட்டிருக்கமாட்டாய்.

சித்திரையில சீசன் நடக்கேக்க ரெண்டு ரிக்கற் எடுத்து அவனோட போய் இரு. போனை உள்ளுக்கு வை. ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிக் கேள்வி கேள், நடிக்கத் தேவையில்லை, உனக்கு உண்மையாவே ஒண்டும் தெரியாது. அப்பனுக்குப் பாடம் எடுக்கிற சந்தர்ப்பம் கிடைச்சா எந்தப் பெடியன் விடுவான்? பங்குனியில வடக்கின் பெரும் போருக்கு, அதுதான் எங்கட பள்ளிக்கூடக் கிறிக்கெட் போட்டிக்கு, அவனைக் கூட்டிக்கொண்டு வரப்போறன் எண்டு எழுதினாய். வா. ஆனா அவனைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வராதை. ஜப்பானில பள்ளிக்கூடப் பெடியளின்ர பேஸ்போல் போட்டி 1915இல தொடங்கினதாம், தோத்த பெடியள் மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போவினமாம். எங்கட போட்டி அதுக்கு முந்தி, 1904 எண்டு மகள் அவனுக்குச் சொல்லிப்போட்டாள். இப்ப அவனாத்தான் பாக்கோணும் எண்டு நிக்கிறான்.

ஊரில பாதிப்பேர் என்ன ரீம் எண்டு தெரியாமல் அந்தப் புளூ ஜேய்ஸ் நீலக் குருவித் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரியினம், எல்லாம் நீங்கள் கொண்டுவந்து குடுத்ததுகள். ரக்ரர் ஓட்டுற ஒருத்தரை இவள் மறிச்சு, ஐயா உங்களுக்கு ஆரைப் பிடிக்கும் எண்டு கேட்டு, அந்த மனிசன் முழிச்சுப் போனார். அதால தொப்பி வேண்டாம். வரேக்க ஒரு கையுறை கொண்டு வா. இவள் இடக்கையால எறியிறவள், அதால கையுறை வலக்கையில போடுற மாதிரி இருக்கோணும், மாறி வாங்கிப்போடாதை. கடையில மகனைக் கேக்கச் சொல்லு. நிறம் என்னவெண்டாலும் காரியமில்லை எண்டு எழுதச் சொன்னவள். இப்ப திரும்பி வந்து, நீலமெண்டா நல்லம் எண்டு எழுதட்டாம்.

மனுசிக்கும் பிள்ளையளுக்கும் அன்பு சொல்லு.

உன்ர கூட்டாளி