அந்தக் கட்டத்தில் என் மகன் சொன்னதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு 15 வயது, அறிவுசார் மாற்றுத்திறனாளி. தருமபுரியில் ஒரு பள்ளியில் படிக்கிறான். வருடா வருடம் அவனுக்கென்று தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதுகிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். போன ஜூனில் வேறு எதையோ தேடும்போது பழைய காகிதங்கள் கையில் கிடைத்தன. மூன்று வருடமாக இலக்கு என்ற கட்டத்தில் ஒரே வரிதான்: '1 முதல் 50 வரை எண்களை அடையாளம் காண்பான்.' ஒரு எழுத்துகூட மாறவில்லை. என்ன வேண்டும் என்று அவனை யாராவது கேட்டார்களா என்று கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, நானும் கேட்டதில்லை.

அன்று ராத்திரியே கேட்டேன். "பெரியம்மா வீட்டுக்குத் தனியா போவணும்" என்றான், யோசிக்கவே இல்லை. அக்கா வீடு பாலக்கோட்டில். பெரியப்பா தக்காளி மண்டியில் இருக்கிறார், அங்கே காலிக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதென்றால் இவனுக்கு உயிர்.

ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி, எல்லாமே 'பா'தான். இவன் முதல் எழுத்தைப் பார்த்து ஏறுகிறவன். முதல் வாரம் நான் நாலு அடி தள்ளி நிற்க, பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தே விட்டான், பின்னாலேயே ஓடிப்போய் இறக்கிக் கூட்டி வந்தேன். நாங்கள் என்னென்னவோ சொல்லிக் கொடுத்தும் நிற்கவில்லை. வழியைக் கண்டுபிடித்தது அவன்தான். தினம் கடைக்குப் போய் பால் வாங்கி வருகிறவன், ஒருநாள் போர்டைக் காட்டி "இது பால் பாக்கெட்டுல இருக்குதும்மா" என்றான். அன்றிலிருந்து பஸ் மாறவில்லை.

போர்டு பார்ப்பது, அட்டையைக் காட்டி டிக்கெட் வாங்குவது, உட்காருவது, இறங்குவது என்று நாலாகப் பிரித்து, சமையலறைக் காலண்டரில் குறித்து வருகிறோம். தானாகச் செய்தால் முழு வட்டம், யாராவது உதவினால் அரை வட்டம். ஒருநாள் நான் சந்தோஷத்தில் டிக்கெட்டுக்கு முழு வட்டம் போட்டுவிட்டேன். அதைப் பேனாவாலேயே கிறுக்கி அழித்துவிட்டு அரை வட்டம் போட்டான். "நீதான கண்ட்ராக்டரைக் காட்டுன" என்றான். இத்தனை வருடத்தில் எந்தப் படிவத்திலும் இவ்வளவு கறாரான மதிப்பீட்டை நான் பார்த்ததில்லை.

சிறப்பு ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பல பள்ளிகளுக்கு ஓடுகிறவர், எங்கள் பள்ளிக்கு அவர் வருகிற நாளே குறைவு, பழைய வரியைத் திரும்ப எழுதாமல் என்ன செய்வார். ஆனாலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16, மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஜூனில் எழுதி மார்ச் வரை ஃபைலில் கட்டி வைப்பதற்குப் பெயர் கண்காணிப்பா?

கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, செலவும் கிடையாது. அந்தப் படிவத்தில் பிள்ளை தன் வாயால் சொன்னது என்று ஒரு வரிக்கு இடம் விடுங்கள். பேச்சு வராத பிள்ளை என்றால் படத்தைத் தொட்டுக் காட்டட்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டட்டும், எதையும் காட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள், ஒரு நகலை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடை எண்ணும்போது 30 வரை வந்துவிட்டான், அதை யாரும் இலக்காக எழுதவில்லை.

இந்த மாதக் காலண்டரில் இறங்குகிற வரிசை மட்டும் இன்னும் அரை வட்டமாகவே கிடக்கிறது. ஜன்னல் காற்று பட்டதும் தூங்கிவிடுகிறான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தருமபுரி.